சரவுண்டில் கேட்ட கல்யாணம்

ஒரு வீட்டில் யாருக்கு முதலில் பிளக் குத்தத் தெரிகிறதோ அவர்தான் அந்த வீட்டுக்கு இன்ஜினியர். பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. எங்கள் வீட்டில் அந்தப் பதவியைப் பல வருடங்களாக நான்தான் வகித்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எம்பிலிப்பிட்டியவில் அண்ணனுடைய மாமனார் வீட்டு ஹோலில், முப்பது பேர் பார்த்திருக்க அது பறிபோனது. பறிபோன விதத்தை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் நான் இன்னும் மோசமாக இருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. றக்வானைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி, பெல்மதுளைச் சந்தியில் ஒரு ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, போட்டோகொப்பி அடிப்பது, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி டிவிடியாக ஆக்குவது, இவையெல்லாம் என் வேலை. முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

அண்ணன் எம்பிலிப்பிட்டியவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றான். அந்தக் கடைக்கு ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு தரம் ஆணி வாங்க வந்தாள். (அவர்கள் வீட்டில் அவ்வளவு ஆணிக்கு என்ன தேவை என்று யாரும் கேட்கவில்லை.) அவளுடைய அப்பாவுக்குப் பசாரில் மொத்தக் கடை. எங்கள் அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவள், வீடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில். ஆகவே சம்மதம் வர ஆறு மாதம் ஆனது. வந்த பிறகு அம்மா எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"நம்மளால ஒரு சொல்லு வந்துறக் கூடாது. அவங்க நம்மள ஒரு வார்த்த சொல்ற மாதிரி யாரும் நடந்துக்காதீங்க."

கல்யாண வீடியோவை நானே எடுப்பதாக அறிவித்தேன். ஸ்டூடியோ பாஸ் (சிங்களவர், என்னை "நங்கி", தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்) தன் புதுக் கேமராவை ஒரு நாளைக்குத் தந்தார். அதன் தலையில் சின்னதாக ஒரு வலை, அதன் பக்கத்தில் 5.1 என்ற எழுத்து. மற்றக் கேமராக்களுக்கு இரண்டு காது, இதற்கு ஐந்து காது என்று பாஸ் விளக்கினார். முன்னால் கேட்பதைத் தனியாக, பக்கத்தில் கேட்பதைத் தனியாக, பின்னால் கேட்பதைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளுமாம். வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் போட்டால் கல்யாண மண்டபத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போல இருக்குமாம்.

"பின்னால பேசுறதும் பதியும், கவனம் நங்கி," என்று கடைசியில் சிங்களத்தில் சொன்னார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் எனக்கு எப்போதும் முழுப் புள்ளி.

கல்யாணம் பெல்மதுளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கேமராவைத் தோளுயரத்தில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, கொழும்பிலிருந்து ஆள் பிடித்திருக்கிறார்கள் போல என்று யாரோ சொன்னதாகக் கேள்வி. (சொன்னது நான்தான்.) எனக்குப் பின்னால் அம்மாவும் அத்தையும் நின்றார்கள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மலையில் நாற்பது பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது அத்தை முதல் நிரையில் முணுமுணுத்தால் கடைசி நிரையில் பதில் வரும். அவளுக்குப் படத்தில் விழுவது பிடிக்காது. "இங்க நின்னா நம்ம விழ மாட்டோம்," என்று அம்மாவையும் இழுத்து வைத்துக்கொண்டாள். மேளச் சத்தத்தில் அவர்கள் பேசியது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பதிலும் சொன்னேன்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது மேளமும் மந்திரமும் மட்டும்தான் கேட்டன. எங்கள் பேச்சு அடியில் எங்கோ அமுங்கிக் கிடந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. டிவிடி அடிக்கும்போது சத்தம் இரண்டு வழியா, ஐந்து வழியா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பெரிய எண்ணைக் கொடுத்தேன். கல்யாணத்துக்குக் குறைந்த எண்ணையா கொடுப்பார்கள்?

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அண்ணியின் வீட்டிலிருந்து விருந்துக்கு அழைப்பு வந்தது. அண்ணனும் அண்ணியும் முதல் நாளே போய்விட்டார்கள். அப்பா மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நின்றுவிட்டார். (இன்றுவரை அந்த மாட்டுக்கு அவர் நன்றி சொல்கிறார்.) அம்மா, அத்தை, நான், மடியில் டிவிடி. மலை வளைவுகளில் பஸ் இறங்க இறங்க அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா வழி முழுக்கச் சேலை மடிப்பைச் சரிசெய்தபடியே வந்தாள்.

எம்பிலிப்பிட்டியவின் வெயிலில் இறங்கி அந்த வீட்டுக்குள் நுழைந்தால், ஹோலில் ஒரு சின்னக் கல்யாணக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. அண்ணியின் அப்பாவுக்கு வீடியோவைத் தனியாகப் பார்ப்பதில் விருப்பமில்லை. சொந்தக்காரர், கடை வேலையாட்கள், பக்கத்து வீட்டு ரிட்டயரான சிங்கள டீச்சர் எல்லாரையும் அழைத்திருந்தார். பெரிய டிவி. அதன் இரண்டு பக்கமும் அரிசி மூட்டை உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஐந்து அல்ல, இரண்டுதான்.

"செட்டுக்கு வயர நீயே கொடுத்துரு புள்ள," என்றார் அண்ணியின் அப்பா. "ஒனக்குத்தானே தெரியும்."

அந்த இடத்தில் "எனக்குத் தெரியாது மாமா" என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. "ஒரு நிமிஷம் மாமா," என்று டிவி மேசைக்குப் பின்னால் தலையை விட்டேன்.

டிவிடி பிளேயரின் முதுகில் ஆறு ஓட்டைகள் இருந்தன. தனியாக இரண்டு. அவை போக, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி, அதே நிறத்தில் இன்னொரு ஜோடி. ஒரு ஜோடிக்கு மேலே ஃப்ரண்ட் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மற்றதற்கு மேலே சரவுண்ட். அம்ப்ளிஃபயரிலிருந்து வந்த வயரோ ஒரு ஜோடிதான். யோசித்தேன். ஃப்ரண்ட் என்றால் முன்னால் மட்டும். சரவுண்ட் என்றால் சுற்றிவர. இத்தனை பேரைக் கூட்டி வைத்திருக்கிறார்கள், சுற்றிவரக் கேட்க வேண்டாமா? சரவுண்டில் குத்தினேன்.

செய்ததை இப்போது எனக்கு விளக்கத் தெரியும். கேமராவின் ஐந்து காதுகளில் முன்னால் கேட்ட மூன்றையும் விட்டுவிட்டு, பின்னால் கேட்ட இரண்டை மட்டும் எடுத்து அரிசி மூட்டை ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்திருந்தேன்.

படம் ஓடத் தொடங்கியது. ஐயர் வாயை அசைத்தார், மந்திரம் வரவில்லை. தவில்காரர் வியர்க்க வியர்க்க அடித்தார், சத்தம் எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் கோயிலில் இருந்து வருவது போலக் கேட்டது.

"சத்தம் காணாதே," என்றார் ஒருவர்.

"ஆரம்பத்துல அப்பிடித்தான் இருக்கும். போகப் போகச் சரியாகும்," என்று சொல்லி அம்ப்ளிஃபயரின் குமிழை முக்கால்வாசி திருப்பினேன்.

திரையில் அண்ணியின் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். அதே நேரம் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் அத்தையின் குரல் வீடு அதிர வந்தது.

"அந்தா வாராரு பாரு. கல்யாணம் மகளுக்கா, இவருக்கா? மீசைக்குப் பூசுன மை காதுலயும் இருக்கு."

"மதினி, மெதுவா," இது அம்மா.

"அத்த, சிரிப்பு காட்டாதீங்க. கேமரா ஆடுது."

கடைசிக் குரல் என்னுடையது. கேமராவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தவள் நான் என்பதால் மற்ற இரண்டையும்விட என் குரல்தான் இடி மாதிரி இருந்தது. சொன்னபடியே படமும் ஆடியது. அண்ணியின் அப்பா திரையில் சந்தனக் கிண்ணத்தோடு மேலும் கீழும் குலுங்கினார்.

ஹோலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் அப்பாவின் கை மெதுவாக எழும்பிப் போய்க் காதைத் தொட்டது.

நான் குமிழை நோக்கிப் பாய்ந்தேன்.

"இரு புள்ள. நிறுத்தாத," என்றார் அவர். குரலில் கோபமா வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சர் அவர் பக்கம் குனிந்து, "மொனவத கியன்னே?" என்று கேட்டார். என்ன சொல்கிறார்கள் என்று அர்த்தம். தான் மாப்பிள்ளை மாதிரி இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று அண்ணியின் அப்பா சிங்களத்தில் பதில் சொன்னார். டீச்சர், உண்மைதான் என்று தலையாட்டினார்.

அடுத்தது மணப்பெண் வரும் காட்சி. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்த வேகத்தில் கையில் கிடைத்த ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். அதற்குள் முந்திக்கொண்டது.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு," என்றாள் ஸ்பீக்கர் அத்தை.

"இருக்கு. மொகத்த கழுவினா யாரு வருவான்னு தெரியாது," என்றேன் ஸ்பீக்கர் நான்.

பாயில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பார்த்தேன். அது டிவியுடைய ரிமோட். படம் அணைந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. பிளேயரை நிறுத்தலாம் என்று மேசைக்குப் பின்னால் நுழைந்தேன். ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் இடுப்பு மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கறுத்துப்போன டிவிக்கு முன்னால் முப்பது பேர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து ரேடியோ நாடகம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்தது பந்தி நேரத்தில் பதிந்த துண்டு. அன்று நான் கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் மேடையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். அம்மாவும் அத்தையும் கூடவே வந்துவிட்டார்கள். ஆளில்லாத கேமராவுக்குப் பின்னால் நின்று பேசினால் யாருக்கும் கேட்காது என்று பெண் வீட்டாரிலும் இரண்டு பேர் நினைத்திருக்கிறார்கள்.

"அந்தப் புள்ள கேமராவ நிறுத்தி வச்சிட்டு பந்திக்குப் போயிட்டா. இது ரெண்டாவது தரம்."

பேசியது அண்ணியின் பெரியம்மா. ஹோலில் கதவோரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த குரல் அண்ணியின் அம்மாவுடையது.

"போகட்டும்கா. எனக்கு இவள நெனச்சாத்தான் நெஞ்ச அடைக்குது. லயத்துல போய் எப்பிடி இருக்கப் போறா? குளிக்கிற எடங்கூட வெளியதானாமே."

"நீதானே சரின்னு சொன்ன. பசார்ல மாப்பிள்ளையா இல்ல? போயும் போயும் தோட்டத்துக்குக் கொடுக்கிற."

அதோடு அந்தத் துண்டு முடிந்து, தூரத்து மேளம் மட்டும் கேட்டது. அண்ணன் எழுந்து போய் அம்ப்ளிஃபயரை அணைத்தான். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

நான் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து அம்மாவின் முகம் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கொழுந்துக் கறை போகாத தன் விரல்களை மடியில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். என் வாய்க்கொழுப்பு வெளியே வந்ததற்கு அதுவரை வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கம் சின்னதாகிப் போய்விட்டது. சம்மதம் வந்த நாளிலிருந்து அம்மா பயந்து பயந்து தவிர்த்த ஒரு சொல்லை, ஒலியைக் கூட்டி வைத்து நானே அவள் காதில் போட்டிருந்தேன்.

யாராவது எழுந்து வெளியே போனால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. யார் முதலில் எழும்புவார்கள் என்பதுதான் கேள்வி. எழும்பியது அத்தை. சேலையை உதறினாள். போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். நேரே அண்ணியின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"குளிக்கிற அறை உள்ளுக்குத்தான் இருக்கு," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டியாச்சு. டைல் வச்சு. நீங்கதான் வந்து பாக்கல."

அண்ணியின் அம்மா தணிந்த குரலில், "மை நான் பூசினதுங்க," என்றார். "அன்னைக்கிக் காலையில கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. மகள் போறாளேன்னு."

"ஒரு பொட்டுதான் பட்டிருந்துச்சு. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

"ரெண்டு காதுலயும் இருந்துச்சு," என்றார் அண்ணியின் அப்பா. "யாரும் என்கிட்ட சொல்லல. அப்பிடியே முன்னூறு பேருக்கு வணக்கம் சொல்லியிருக்கேன்."

கடை வேலையாட்களில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து அது இருமலாக வந்தது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பாலா அழுகையாலா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அண்ணியின் அம்மா நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னது தப்பு," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா, "பெத்தவங்களுக்கு இருக்கும்தானே," என்றாள்.

டீச்சர் மறுபடியும், "மொனவத கியன்னே?" என்றார். இந்தத் தரம் அண்ணிதான் சிங்களத்தில் பதில் சொன்னாள். சம்பந்திமார் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பேசிக்கொள்கிறார்கள், டீச்சர்.

பெரியம்மா மட்டும் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அவர் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேச இன்னும் இரண்டு வருடம் ஆனது.

அண்ணனும் இன்னொருவரும் ஸ்பீக்கரை நகர்த்தி என்னை வெளியே எடுத்தார்கள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கே பார்ப்போம் என்று பிளேயரின் முதுகைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். வயர் குத்தியிருந்த இடத்தை வாசித்தார். பக்கத்து இடத்தை வாசித்தார். இரண்டு வயரையும் உருவி ஃப்ரண்டில் குத்தி, அம்ப்ளிஃபயரையும் டிவியையும் போட்டு, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டுப் போய் உட்கார்ந்தார். மந்திரம் கணீரென்று கேட்டது. என் பதவிக்காலம் அங்கே முடிந்தது.

பத்து நிமிடம் மந்திரம் கேட்ட பிறகு அண்ணியின் அப்பா கொட்டாவி விட்டார். "முந்தி ஓடினதுதான் நல்லா இருந்துச்சு," என்றார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அம்மா வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டுக்கு நான் தயாராக இருந்தேன். வளைவுகள் தொடங்குகிற இடத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"நீ ரெண்டு தரமா பந்தியில ஒக்காந்த?"

"மூணு தரம்மா."

"மூணாவது தரம் அவங்க பாக்கலையே," என்றாள். அவ்வளவுதான்.

அண்ணி விருந்து முடிந்து வந்த மறுநாள் காலையில், குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, துடைக்காமலே, நீர் சொட்டச் சொட்ட என் முன்னால் வந்து நின்றாள்.

"நல்லா பாத்துக்க. யாரு வந்திருக்கா?"

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் தண்ணீர்க் கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அதோடு விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். இப்போதும் நான் அம்மா வீட்டில் தங்கினால், விடிந்ததும் முதல் வேலையாக ஈர முகத்தோடு வந்து நின்று ஆளை அடையாளம் காட்டச் சொல்வாள்.

டிவிடியை நான் உடைத்துப் போடப் பார்த்தேன். வீட்டில் விடவில்லை. கல்யாண நாள் வரும்போதெல்லாம் அண்ணன் வேண்டுமென்றே சரவுண்டில் குத்திப் போடுகிறான். ஃப்ரண்டில் குத்தி யாரும் முழுதாகப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெரிய மாற்றம் வந்தது அத்தைக்குத்தான். "பின்னால நின்னாத்தானே பதியுது?" என்று முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றுகொள்வாள், வாயைத் திறக்க மாட்டாள். கேமராக்காரர் வலது பக்கம் நகர்ந்தால் அவளும் வலது பக்கம். இடது என்றால் இடது.

மூன்று வருடங்களுக்குப் பிறகு என் கல்யாணம் வந்தது. காசு கொடுத்து நல்ல ஆளாகப் பிடித்திருந்தோம். வீடியோ வந்ததும் என் கணவரும் நானும் ஆசையாகப் போட்டுப் பார்த்தோம். மேளம் உச்சத்துக்குப் போகிறது, ஐயர் கையைத் தூக்குகிறார், அட்சதை பறக்கிறது. திரை முழுக்க அத்தையின் முதுகு, பச்சைச் சேலையில். அது நகர்ந்தபோது என் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. கட்டியது யார் என்பதற்கு வீடியோவில் சாட்சி இல்லை.

எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம் என் கணவர் அமைதியாக எழுந்து போய் அந்த இடத்தைப் போட்டுக் காட்டுகிறார். "நல்லா பாரு," என்கிறார். "இதுல நான் எங்கயாவது தெரியிறேனா?"